பெரியவர் ஏற்றுக்கொண்ட காய்ச்சல்

தியாகம் என்றால் என்னவென்று அறிய விரும்புகிறவர்கள் போர்க்களம், சிறைச்சாலை என்று அலைய வேண்டாம். எங்கள் தெருவின் கடைசி வீட்டுக்குப் போனால் போதும். பிள்ளைக்காகப் பட்டினி கிடந்த தாய்மார் உண்டு. நண்பனுக்காக உதை வாங்கியவர்கள் உண்டு. ஆனால் மருமகளுக்கு வந்த காய்ச்சலைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுப் படுத்த மாமனார், மனித குலத்தில் இதுவரை அவர் ஒருவர்தான்.

எல்லோரும் அவரைப் பெரியவர் என்பார்கள். ஒரு பெரிய அலுவலகத்தில் நிர்வாக அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அலுவலகம்தான் அவரை விட்டதே தவிர, அவர் அலுவலகத்தை விடவில்லை. சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்ட பிறகுதான் பல் துலக்குவார். குடும்ப மானம் என்பது அவர் பொறுப்பில் மிஞ்சியிருந்த ஒரே இலாகா. அதில் அவருக்குக் கீழே மனைவி, மகன், மருமகள் ஆகிய மூவர் பணியாற்றினார்கள். புதிதாகச் சேர்ந்தவள் பேத்தி. பிறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்ததால் அவள் இன்னும் நிரந்தரம் செய்யப்படவில்லை.

பேத்தியைப் பார்க்க ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். எதிர்வீட்டு வங்கிக்காரரும் அவர் மனைவியும் தினமும் வந்தார்கள். பழைய அலுவலக நண்பர்கள் கும்பலாக வந்தார்கள். மருமகளின் அறைக்கதவு நேரே கூடத்தில்தான் திறக்கும். இங்கேதான் பெரியவரின் நுண்ணறிவு வெளிப்பட்டது. கூடத்தில் ஆட்கள் இருக்கும்போது அந்தக் கதவைச் சாத்தினால், உள்ளே என்ன நடக்கிறது என்று வந்தவர்கள் ஊகித்துவிடுவார்கள். ஊகிக்க இடம் கொடுப்பது மானமுள்ள குடும்பத்துக்கு அழகல்ல. ஆகவே கூடத்தில் கடைசி ஆள் எழுந்து போகும்வரை கதவு திறந்திருக்கும். மருமகள் சிரித்த முகமாக நிற்பாள். பால் கொடுப்பது 'ஒத்திவைக்கப்படும்'. பாப்பா வீறிட்டு அழுதால் ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்கு மாற்றப்படுவாள்.

"பசிக்குதோ என்னவோ," என்பார் வங்கிக்காரரின் மனைவி.

"சேச்சே! குரல் பழகறா," என்பார் பெரியவர்.

ஒத்திவைத்தது எதுவும் தானாகக் கரைவதில்லை என்பது நிர்வாக அதிகாரிக்குத் தெரியாததல்ல. மருமகளின் இடது மார்பில் ஒரு பக்கம் கல்லாகிச் சிவந்தது. கையைத் தூக்கினால் உயிர் போனது. பால் கட்டிக்கொண்டுவிட்டது.

உடனே சாப்பாட்டு மேஜையைச் சுற்றி அவசரக் கூட்டம் கூடியது. பெரியவர் தலைமை தாங்கினார். உடலின் எந்தப் பாகத்தின் பெயரும் உச்சரிக்கப்படக் கூடாது, 'மேற்படி விஷயம்' என்று மட்டுமே சொல்ல வேண்டும் என்பது முதல் தீர்மானம். அவரே முன்மொழிந்தார், அவரே வழிமொழிந்தார்.

"நம்ம குடும்பத்துல தலைமுறை தலைமுறையா யாருக்கும் மேற்படி விஷயம் வந்ததில்ல," என்று துவக்கி வைத்தார்.

"எனக்கு வந்துச்சே," என்றாள் மனைவி, வெங்காயம் உரித்துக்கொண்டே.

"எப்போ?"

"இவன் பொறந்தப்போ. காய்ச்சல்ல பினாத்திக்கிட்டுக் கிடந்தேன்."

"என்கிட்ட யாரும் சொல்லலையே?"

"உங்கம்மாதான் சொல்லக்கூடாதுன்னுட்டாங்க. நீங்க பக்கத்து அறையிலதான் பேப்பர் படிச்சிட்டிருந்தீங்க."

பெரியவர் சிந்தித்தார். "என் கவனத்துக்கு வரலைன்னா அது நடக்கலைன்னுதான் அர்த்தம்," என்று தீர்ப்பளித்தார். மனைவி வெங்காயத்தைக் காரணம் காட்டிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மகன் நவீனமானவன். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன். எந்தக் கேள்விக்கும் கைப்பேசியில் விடை இருக்கிறது என்று நம்புகிறவன். 'பாலூட்டும் பெற்றோர் வட்டம்' என்ற குழுவில் சேர்ந்து மனைவியின் வேதனைக்கு அதுவரை நாற்பது இதயக்குறிகள் வாங்கியிருந்தான்.

"அப்பா, எலெக்ட்ரிக் டூத்பிரஷ்ஷோட பின்பக்கத்த வெச்சா அந்த அதிர்வுல கட்டி கரைஞ்சிடுமாம்."

"எந்த பிரஷ்?"

"நம்ம வீட்ல ஒண்ணுதான் இருக்கு. உங்களுது."

"அடுத்த யோசனை?"

"முட்டைக்கோஸ் இலைய வெச்சுக் கட்டலாமாம்."

"முட்டைக்கோஸ் வாங்கி, நாலு இலைய உரிச்சிட்டு மீதியத் தூக்கிப் போட்டா, குப்பை எடுக்கிறவர் என்ன நெனப்பார்?"

"மீதிய சாப்பிட்டுடலாம்ப்பா."

இது ஏற்கப்பட்டது. அந்த வாரம் முழுக்க வீட்டில் முட்டைக்கோஸ்தான். மருமகளுக்கு இரண்டு இலை கிடைத்தது.

"இன்னொண்ணும் போட்டிருக்காங்க. குழந்தைய மல்லாக்கப் படுக்க வெச்சு, தாய் மேல கவுந்து நாலு கால்ல நின்னு..."

"நிறுத்து! இந்த வீட்டுப் பெண்கள் ரெண்டு கால்லதான் நிப்பாங்க."

அதுவரை சுவரில் சாய்ந்து நின்ற மருமகள் வாயைத் திறந்தாள். "நிக்கவே முடியல மாமா. பிரஷ்ஷும் வேணாம், கோஸும் வேணாம். பாப்பா அழுதா உடனே தூக்கிக் கொடுக்கணும். அவ குடிச்சாத்தான் இது இளகும். அது ஒண்ணுதான் கேக்கறேன்."

"தாராளமா கொடும்மா. யார் தடுத்தா?" என்றார் பெரியவர் பெருந்தன்மையோடு. "வந்தவங்க கிளம்பட்டும்."

"அவங்க கிளம்புறதுக்குள்ள நான் கிளம்பிடுவேன் போலிருக்கு."

கூட்டம் 'சுமுகமாக' முடிந்தது.

மறுநாள் காலையில் மருமகளுக்குப் பல் கிட்டிப்போகும் குளிர். பிறகு நெருப்பாய்க் காய்ச்சல். டாக்டரிடம் போயே ஆக வேண்டும் என்றாள் மாமியார். மகனும் கைப்பேசியைப் பார்த்துவிட்டு அதையே சொன்னான். பெரியவர் சன்னல் வழியாக எதிர்வீட்டைப் பார்த்தார். வங்கிக்காரர் வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் ஒரு செடிக்கு அரைமணி நேரம் ஊற்றுகிறவர். மருமகள் வண்டி ஏறுவதைப் பார்ப்பார். என்ன என்பார். காய்ச்சல் என்றால் எதனால் என்பார். அப்புறம் தெரு முழுக்க மேற்படி விஷயம்தான்.

மாபெரும் முடிவுகள் இப்படிப்பட்ட நெருக்கடியில்தான் பிறக்கின்றன. பெரியவர் நிமிர்ந்தார்.

"காய்ச்சல் எனக்கு," என்றார்.

"உங்களுக்கு எங்க காயுது?" என்று நெற்றியைத் தொடப் போனாள் மனைவி.

"தொடாதே. எனக்குன்னு சொல்லிடுவோம். டாக்டரம்மா வீட்டுக்கு வரட்டும். என்னைப் பார்க்கட்டும். என் பேர்ல மருந்து எழுதட்டும். மருமக சாப்பிடட்டும். ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது."

"மாமா," என்றாள் மருமகள், போர்வைக்குள்ளிருந்து. "பால் குடிக்கிற குழந்தை இருக்குன்னு தெரிஞ்சாத்தான் அதுக்கேத்த மருந்து எழுதுவாங்க. உங்களுக்கு எழுதறத நான் எப்படிச் சாப்பிடறது?"

"பொதுவா எழுதச் சொல்றேன்."

காய்ச்சலை ஏற்றுக்கொண்டவருக்குப் படுக்க இடம் வேண்டும் அல்லவா? கூடத்திலிருந்து பார்த்தால் தெரிகிற கட்டில் மருமகளின் அறையில்தான் இருந்தது. எனவே தியாகத்தின் இரண்டாம் கட்டமாக அவர் அந்தக் கட்டிலையும் ஏற்றுக்கொண்டார். அதன்மேல் கிடந்த போர்வையையும் ஏற்றுக்கொண்டார். மருமகள், பின்கட்டில் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு மடக்கு நாற்காலியில் அமர்த்தப்பட்டாள். பிறகு அவர் சன்னல் வழியாக வங்கிக்காரரைப் பார்த்து, ஒருமுறை, கௌரவமாக இருமினார்.

அந்த இருமல் செய்ததை எந்தத் தொலைக்காட்சியும் செய்ததில்லை. சற்று நேரத்தில் கூடம் நிரம்பியது. கூடத்தில் இடம் இல்லாதவர்கள் அறைக்குள் வந்தார்கள். அறைக்குள் வந்தவர்கள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள்.

"முகமே வாடிப்போச்சு சார்," என்றார் வங்கிக்காரர்.

"ராத்திரி பூரா தூங்கல," என்றார் பெரியவர். உண்மைதான், தூங்காதவள் மருமகள்.

"வலி இருக்கா?"

"கல் மாதிரி. கையத் தூக்க முடியல." இதுவும் உண்மைதான்.

"இவ்வளவு வலியிலயும் எப்படித் தெம்பா பேசறார் பாருங்க! இதுதான் பழைய உடம்பு," என்று ஒரு பழைய நண்பர் கண் கலங்கினார். பெரியவருக்குக் காய்ச்சல் பிடித்துப்போனது. இவ்வளவு மரியாதை அவருடைய ஓய்வுபெறும் விழாவில்கூடக் கிடைத்ததில்லை. மெல்ல முனகிப் பார்த்தார். நன்றாக வந்தது.

வந்தவர்களின் மனபாரம் குறைய பாப்பா வரவழைக்கப்பட்டாள். ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்குப் போனாள். அழுதாள். கை முஷ்டியை வாயில் வைத்துச் சப்பினாள். அதில் ஒன்றும் வராததால் இன்னும் பெரிதாக அழுதாள். அந்தக் குரல் கேட்கும்போதெல்லாம் பின்கட்டில் மருமகளின் மார்பில் பால் சுரந்து, வழி இல்லாத இடத்தில் முட்டி நின்றது. அவள் எழுந்து கூடத்து வாசல்வரை வந்தாள். பெரியவர் படுத்தபடியே உள்ளங்கையைக் காட்டினார். 'சற்றுப் பொறு' என்று பொருள். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிரித்த முகமாக இருக்க மட்டும் மறந்துபோனாள்.

டாக்டரம்மா வந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்து, பெரியவரின் வாயில் வெப்பமானியை வைத்தார். எடுத்துப் பார்த்தார். உதறிவிட்டு மறுபடி வைத்தார்.

"காய்ச்சலே இல்லையே."

"உள்ளுக்குள்ள இருக்கு," என்றார் பெரியவர்.

"வேற என்ன பண்ணுது?"

"குளிர்... ஒரு பக்கம் கனம்... செவந்திருக்கு."

"எங்க? சட்டையக் கழட்டுங்க, பாக்கலாம்."

பெரியவர் கழுத்துப் பொத்தானை இறுகப் பிடித்துக்கொண்டார். "பாக்க வேணாம். பொதுவா ஒரு மருந்து எழுதிடுங்க."

"பொதுவாவா?"

"யாரு வேணும்னாலும் சாப்பிடுற மாதிரி."

டாக்டரம்மா அவரை உற்றுப் பார்த்தார். "கொஞ்ச நாளா இப்படித்தான் பேசறாரா?" என்று வங்கிக்காரரிடம் கேட்டார். வங்கிக்காரர் கவலையோடு தலையாட்டினார். அவர் மடியிலிருந்த பாப்பா அழுது அழுது, குரல் கம்மி, இப்போது வெறுமனே விக்கிக்கொண்டிருந்தாள்.

அந்த விக்கல்தான் மருமகளின் பிடியை நிலையிலிருந்து விடுவித்தது. கூடத்தைக் கடந்து வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. வங்கிக்காரரின் மடியிலிருந்து பாப்பாவைத் தூக்கினாள்.

"கொஞ்சம் நகருங்க மாமா."

பெரியவர் நகர்ந்தார். ஏன் நகர்ந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. மருமகள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு, பாப்பாவை அணைத்தாள். பாப்பா வாய் வைத்ததும் மருமகள் வலியில் பல்லைக் கடித்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. அறையில் பாப்பா விழுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. பழைய நண்பர்கள் மின்விசிறியை முதன்முறையாகப் பார்ப்பவர்கள்போல் பார்த்தார்கள்.

"டாக்டர், காய்ச்சல் எனக்குத்தான்," என்றாள் மருமகள். "இடது பக்கம் பால் கட்டியிருக்கு. மாமா பேருக்குப் படுத்திருக்கார்."

டாக்டரம்மா அவளுக்கு வெப்பமானியை வைத்தார். முகம் மாறியது. "நூத்திமூணு. இத இத்தன நேரம் ஏன் சொல்லல?"

வங்கிக்காரரின் மனைவிதான் முதலில் பேசினார்.

"பால் கட்டினதுக்கா இவ்வளவு நாடகம்? எனக்கு ரெண்டு பிள்ளைக்கும் கட்டிச்சு. வலின்னா வலி, அப்படி ஒரு வலி. உங்களுக்கு?"

கேள்வி மாமியாரை நோக்கி வந்தது. மாமியார் கணவரைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டாள்.

"எனக்கும்தான்," என்றாள் கூடத்துக்கே கேட்கும்படி. "இவர் பக்கத்து அறையிலதான் இருந்தார்." வந்து மருமகளின் பின்னால் உட்கார்ந்து, தன் தோளில் அவளைச் சாய்த்துக்கொண்டாள்.

டாக்டரம்மா மருந்து எழுதினார், மருமகள் பெயரில். போட்டு அழுத்தித் தேய்க்கக் கூடாது, குளிர்ந்த துணி வைக்கலாம், நாளைக்குள் காய்ச்சல் இறங்காவிட்டால் ஆஸ்பத்திரிக்கு வந்தாக வேண்டும் என்றார். மகன் இதைக் குழுவில் போடக் கைப்பேசியை எடுத்தான். மருமகள் பார்த்த பார்வையில் மருந்துக் கடைக்கு ஓடினான்.

"இது எதனால டாக்டர் வருது?" என்று வங்கிக்காரர் விசாரித்தார், அறிவை வளர்த்துக்கொள்ளும் நோக்கத்தோடு.

"பல காரணம் இருக்கு. முக்கியமா, குழந்த கேக்கும்போது கொடுக்க விடாம எதாவது குறுக்க வந்தா பால் தேங்கும். அடைப்பு எங்கன்னு பாத்து அத நீக்கணும்."

அறையில் இருந்த அத்தனை பேரும் கட்டில் பக்கம் திரும்பினார்கள். மருமகள் மட்டும் திரும்பவில்லை. அவளுக்கு அது எங்கே இருக்கிறதென்று முன்பே தெரியும். ஓர் ஆள் உட்காரும் அளவு நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்ட பின்னும், கழுத்துப் பொத்தான் அவிழாமல், அவளுடைய போர்வையைப் போர்த்திக்கொண்டு அது கண்ணை மூடிப் படுத்திருந்தது.