பங்களாவுக்குப் பச்சை முத்திரை

ஒரு காட்டில், மற்ற எல்லாக் காடுகளையும் போலவே, கட்டட வேலைகளைப் பார்க்க ஓர் இலாகா இருந்தது. அதில் ஈட்டியப்பன் என்ற முள்ளம்பன்றி உதவிப் பொறியாளர். உடம்பெல்லாம் முள். ஆனால் ஒருவரையும் குத்திப் பேசத் தெரியாது.

சில வருஷமாக அந்தக் காட்டு மழை முன்னைப் போல இல்லை. வராவிட்டால் மீன்கள் குட்டையிலேயே கருவாடாயின. வந்தால் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. "நம்ம பொறியாளர்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்துடலாம்" என்றார் புலிராஜா. ஒரு பிரச்சினைக்குப் பயிற்சி கொடுத்துவிட்டால், அப்புறம் அதை யாரும் பிரச்சினை என்று சொல்லக் கூடாது என்பது அந்தக் காட்டு வழக்கம்.

பயிற்சி கொடுக்கக் கடல் தாண்டி வந்தார் கூழைக்கடா. அலகுப் பையைத் திறந்தால் வரைபடம் வரும், அளவு நாடா வரும், காலையில் சாப்பிட்ட மீனின் வாலும் கொஞ்சம் வரும்.

"போன மழையை வெச்சுக் கட்டடத்தைப் பார்க்காதீங்க. வரப்போற மழையை வெச்சுப் பாருங்க. தண்ணி எங்க முட்டும், முட்டினா எங்க திரும்பும்? எதையும் அளக்காம விடாதீங்க, வாசக்கதவு உள்பட! ஆபத்துன்னா சிவப்பு முத்திரை. பத்திரம்னா பச்சை. குத்தினதும் எல்லாருக்கும் தெரியப்படுத்துங்க" என்றார்.

பெருச்சாளி குறிப்பெடுப்பது போலத் தூங்கியது. கரையான் பாடப்புத்தகத்தைத் தின்று முடித்துவிட்டு, "நல்லா உள்வாங்கிக்கிட்டேன் சார்" என்றது. ஈட்டியப்பன் மட்டும் கவனித்தார்.

நிறைவு விழாவில் மாலை விழுந்த குஷியில் புலிராஜா ஓர் உத்தரவு போட்டார். மழைக்காலத்தில் சிவப்பு வீட்டுக்காரர்கள் பச்சை வீட்டில் போய்த் தங்கலாம். பச்சை வீட்டுக்காரர் மறுக்கக் கூடாது. கைதட்டல் ஓயவே இல்லை.

மறுநாள் ஈட்டியப்பன் நாடாவோடு கிளம்பினார். ஓடையைப் பார்த்தபடி வீடு வேண்டும் என்று புலிராஜா ஓடைக்குள்ளேயே பங்களா கட்டியிருந்தார். அதற்கு முன்னால், ஓடைக்குக் குறுக்கே, ஒரு கல் மதில். பெருமழை வந்தால் தண்ணீர் மதிலில் முட்டித் திரும்பி, பள்ளத்து வளைகளுக்குள் பாயும். பிறகு மதிலைச் சாய்த்துப் பங்களாவையும் கொண்டுபோகும். பள்ளத்தில் முதல் வளை ஈட்டியப்பனுடையது. உள்ளே மனைவி முத்தாரமும், முள் இன்னும் கெட்டிப்படாத குட்டிகளும்.

பள்ளத்துக்குச் சிவப்பு குத்தினார். யானைகளின் மூங்கில் தோப்புக்குச் சிவப்பு. பங்களாவுக்கும் சிவப்பு. 'மதிலை இடிக்கவும்' என்று அடியில் எழுதிக் கொடுத்தார்.

"ஏம்ப்பா ஈட்டி, உன்னைப் பயிற்சிக்கு அனுப்பினது யாரு?" என்று கேட்டார் புலிராஜா.

"நீங்கதான் ராஜா."

"சாப்பாடு போட்டது?"

"நீங்கதான்."

"அப்புறம் என் வீட்டுக்கே சிவப்பா?"

"தண்ணிக்கு யாரு வீடுன்னு தெரியாதுங்களே..."

"நீ சொல்லிக் குடு. இல்லேன்னா நாளையிலேருந்து உனக்குத் தேனீக் கூட்டுல காவல் வேலை."

பக்கத்தில் நின்ற ஓணான் பி.ஏ. ஆமாம் என்று தலையாட்டியது. அது காலையிலிருந்தே ஆட்டிக்கொண்டுதான் இருந்தது.

ஈட்டியப்பன் பச்சை குத்தினார்.

வீட்டில் முத்தாரம் பிடித்துக்கொண்டாள். "உடம்பு பூரா முள்ளு இருக்கு, முதுகெலும்பை எங்க வெச்சீங்க? மழை வந்தா குட்டிங்களை எங்க கொண்டுபோறது?"

"பங்களாவுக்கு. பச்சை வீடாச்சே."

"அது போயிடும்னு நீங்கதானே சொன்னீங்க!"

ஈட்டியப்பன் பச்சைச் சான்றிதழுக்கு நகல் எடுத்துக்கொண்டிருந்தார். முயலுக்கு ஒன்று, மானுக்கு ஒன்று, யானைக் கூட்டத்துக்கு ஒன்று.

"யானைக்கு எதுக்குங்க?"

"எல்லாருக்கும் தெரியப்படுத்தச் சொல்லியிருக்காரு கூழைக்கடா சார்."

மழை வந்தது. சாதாரண மழை இல்லை, வானம் கோபித்துக்கொண்டு இறங்கிய மழை. முயல்கள் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு ஓடின. மான்கள் ஓடின. முத்தாரம் குட்டிகளை முன்னால் விரட்டிக்கொண்டு, புருஷனைத் திட்டியபடியே ஓடினாள். எல்லாரும் பங்களா வாசலில்.

"என்ன கூட்டம் இங்க?" என்று மாடியிலிருந்து உறுமினார் புலிராஜா.

முயல் நகலைத் தூக்கிக் காட்டியது. "பச்சை ராஜா! உங்க உத்தரவு!"

போகச் சொன்னால் பச்சை பொய் என்று ஆகிவிடும். புலிராஜா பல்லைக் கடித்துக்கொண்டு, "வாங்க, வாங்க" என்றார். மாடி நிறைந்தது. யாரோ அவர் கட்டிலில் குட்டியைத் தூங்க வைத்தார்கள்.

கடைசியாக வந்தன யானைகள். மூத்த யானை பேச்சியக்கா மதில் வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்தாள். "என்னடியம்மா இது, என் தும்பிக்கைதான் நுழையும் போலிருக்கு. ஆனா ராஜா உத்தரவை மீற முடியுமா?" என்று சொல்லி மதிலுக்குத் தோளைக் கொடுத்தாள். கொஞ்சம் மதில் விழுந்தது. பின்னால் வந்தவர்களும் ராஜ விசுவாசிகள். மிச்சமும் விழுந்தது.

வெள்ளம் வந்தபோது முட்டுவதற்கு எதுவும் இல்லை. தேங்காமல், திரும்பாமல், பங்களா முன்வாசல் வழியாக நுழைந்து பின்வாசல் வழியாகப் போய்விட்டது, ராஜாவின் சோபாவை மட்டும் எடுத்துக்கொண்டு. பள்ளத்து வளைகளில் ஒரு சொட்டு ஏறவில்லை.

பக்கத்துக் காட்டார் புலிராஜாவுக்கு 'வெள்ளம் வென்ற பங்களா' விருது கொடுத்தார்கள். "மதில் வேண்டாம்னு நான் அப்பவே நினைச்சேன்" என்று பேசினார் அவர். ஓணான் தலையாட்டியது.

கூட்டத்தில் முத்தாரம் மெல்லக் கேட்டாள்: "நெஜத்தைச் சொல்லுங்க. யானைக்கு எதுக்கு நகல் கொடுத்தீங்க?"

"வாசக்கதவை அளந்திருந்தேன்" என்றார் ஈட்டியப்பன்.

நீதி: ராஜா வீட்டுக்குப் பொய்ச் சான்றிதழ் கேட்டால் தயங்காமல் கொடுத்துவிடு, யானைக்கு ஒரு நகல் அனுப்ப மட்டும் மறந்துவிடாதே.