நூற்றுக்கு நூறு வாங்கிய பாலம்

பம்பாய் தாராவியில் நாலா என்கிற சாக்கடைக் கால்வாயின் மேல் இருந்த இரும்பு நடைபாலத்தைப் பற்றி அந்த மாதம் நாற்பத்தொரு புகார்கள் சேர்ந்திருந்தன. முப்பத்தெட்டு, பாலத்தின் நடுப்பலகையில் இருந்த ஓட்டையைப் பற்றியவை. மீதி மூன்று, அந்த முப்பத்தெட்டையும் யாரும் படிப்பதில்லை என்பதைப் பற்றியவை.

பாலத்தின் சூப்பர்வைசர் சங்கரநாராயணன் அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவற்றைப் படித்தார். படித்ததும் வியர்த்தது.

காரணம், புது எஞ்சினியர் சாகிப். தீர்த்து வைத்த புகாருக்கு ஒரு மார்க், தீராத புகாருக்கு ஒரு மார்க் கழிவு என்று 1963 ஜனவரியில் அவர் ஒரு திட்டம் கொண்டு வந்திருந்தார். வருஷக் கடைசியில் மார்க்கைப் பார்த்து ஒரு சூப்பர்வைசரைச் சாந்தா ஜில்லாவுக்கு அனுப்புவாராம். சாந்தாவில் காடு உண்டு, புலி உண்டு. நம்மவர்கள் நிறைந்த மாட்டுங்கா கிடையாது.

"ஏன்னா, அங்கே புலி ஆபீஸ் நேரத்துல மட்டும் வருமா, எப்ப வேணா வருமா?" என்று கேட்டாள் மனைவி கனகவள்ளி.

"நான் போனாத்தானே வரும். மார்க் வாங்கிட்டா போக வேண்டாம்."

பாலத்தில் சங்கிலி போட்டுக் கட்டியிருந்த புகார் நோட்டை அவிழ்த்துக்கொண்டு வந்து வீட்டு அரிசி டின்னுக்குள் வைத்தார். அடுத்த மாதம் ஒரு புகாரும் இல்லை. மார்க்கும் இல்லை.

"புகார் இல்லேன்னா தீர்க்கறதுக்கு ஒண்ணுமில்லே. ஒண்ணுமில்லேன்னா சைபர்தான் சார்" என்றார் ஆபீஸ் டைப்பிஸ்ட் கிட்டு.

நோட்டு மறுபடி பாலத்துக்குப் போனது. பாலத்தடியில் முறுக்குக் கடை வைத்திருந்த இசக்கிப்பாண்டியிடம் சங்கரநாராயணன் ரகசியமாகப் பேசினார்.

"அண்ணாச்சி, தினம் நாலு புகார் எழுதுங்கோ. சின்னதா இருக்கணும். போல்ட்டு லூசா இருக்குன்னு."

"ஓட்டைய எழுதவா?"

"ஓட்டை வேண்டாம். அதை அடைக்க டெண்டர், பலகை, தச்சன்னு ஒம்பது நாள் ஆகும். அதுக்கும் ஒரு மார்க், போல்ட்டுக்கும் ஒரு மார்க்."

"போல்ட்டு ஒண்ணும் லூசா இல்லியே சார்வாள்."

"அதை நான் பாத்துக்கறேன்."

மறுநாளிலிருந்து சங்கரநாராயணன் காலையில் ஸ்நானம், சந்தியாவந்தனம் முடித்து, பாலத்துக்குப் போய் நாலு போல்ட்டைத் தளர்த்தினார். இசக்கிப்பாண்டி புகார் எழுதினார். பத்து மணிக்கு ஃபிட்டர் ரஹ்மத்துல்லா வந்து முடுக்கினார்.

"நீங்க களத்துதீங்க, நான் முடுக்குதேன். நம்ம ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே ஸ்பானர்தான் சார். மறந்து வீட்டுக்குக் கொண்டு போயிராதீங்க" என்றார் ரஹ்மத்துல்லா.

மார்க் ஏறியது. இசக்கிப்பாண்டிக்கும் எழுத்தில் ஒரு ருசி வந்துவிட்டது. 'பதினாலாம் நம்பர் போல்ட்டு ரெண்டு நாளாக மனவருத்தத்தில் இருக்கிறது' என்று ஒரு நாள் எழுதினார். அதற்கும் ஒரு மார்க் கிடைத்தது.

பாலத்தில் இருந்தவை முப்பத்திரண்டு போல்ட்டுகள். தளர்த்தி முடுக்கி, தளர்த்தி முடுக்கி, மூன்று மாதத்தில் அத்தனையும் மரை தேய்ந்து போயின. அதுவரை அசையாமல் நின்ற பாலம் ஊஞ்சல் மாதிரி ஆடத் தொடங்கியது. ஆடிய ஆட்டத்தில், இட்லி விற்கும் முப்பிடாதியம்மாள் கூடையோடு அந்த ஓட்டைக்குள் ஒரு காலை விட்டாள். கால் திரும்பி வந்தது. இட்லிகள் நாலாவோடு மாஹிம் பக்கம் போய்விட்டன.

"என் தொடை உரிஞ்சு போச்சு. எழுதுங்க நோட்டுல" என்றாள்.

"போல்ட்டுல உரிஞ்சுதுன்னு எழுதட்டுமா?" என்று தாழ்மையாகக் கேட்டார் சங்கரநாராயணன்.

"ஏம், உம்ம பேரை எழுதுனா என்ன?"

விபத்து ஒன்றுக்கு இருபது மார்க் கழிவு. சங்கரநாராயணன் இரவெல்லாம் யோசித்துவிட்டு, விடிந்ததும் பாலத்தின் இரண்டு முனையிலும் முள்கம்பி அடித்து, பூட்டுப் போட்டார். நடக்க ஆள் இல்லை என்றால் விழவும் ஆள் இல்லை.

இசக்கிப்பாண்டி முறுக்குத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்தார்.

"பாலத்தப் பூட்டிட்டீயளே, சனம் எப்படிப் போவும்?"

"பக்கத்துல பெரிய குழாய் போறதே. அது மேல நடக்கலாம்."

"விழுந்தா?"

"அது வேற இலாகா."

இசக்கிப்பாண்டி கையில் ஒட்டிய மாவைத் துடைத்துக்கொண்டார். வேலியோரம் கட்டியிருந்த நோட்டில் அன்றைய நாலு புகாரையும் எழுதிவிட்டுக் கடைக்குப் போனார். பழக்கம் விடவில்லை. நடமாட்டம் இல்லாததால் ரஹ்மத்துல்லாவுக்கும் வேலை சுலபமாயிற்று. போல்ட்டுகளைக் கயிறு போட்டுக் கட்டினார். கட்டினதெல்லாம் மார்க்.

டிசம்பரில் முடிவு வந்தது. நூறுக்கு மேல் மார்க் கிடையாது; தாராவிப் பாலம் நூற்றுக்கு நூறு. செம்பூர்ப் பாலத்துக் காசிராஜன் வருஷம் முழுக்க மூன்றே ஓட்டைகளை, ஒழுங்காக, புதுப் பலகை வைத்து அடைத்திருந்தார். அவருக்கு மூன்று மார்க்.

சாகிப் சங்கரநாராயணனுக்கு மாலை போட்டுக் கையைக் குலுக்கினார். எல்லோரும் கை தட்டினார்கள். காசிராஜன்கூடத் தட்டினார். சங்கரநாராயணனுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. புலி நினைப்பு வந்து, தன் பங்கு மைசூர்பாகையும் அவரிடமே கொடுத்துவிட்டார்.

அப்போது கிட்டு ஒரு கவரைக் கொண்டு வந்து அவர் கையில் வைத்தார். சங்கரநாராயணன் பிரித்துப் படித்தார். மாலையோடு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கிட்டு, கவர் மாறிப் போச்சு. இது சாந்தா மாற்றல். காசிராஜனோடது."

கிட்டு கவரைத் திருப்பி ஒரு தரம் விலாசத்தைப் பார்த்தார்.

"மாறலை சார். சாந்தாவில பதினேழு பாலம், பதினேழும் விழறாப்பல நிக்கறதாம். அங்கே போய் மூணு மார்க் வாங்கினவரை யாராவது அனுப்புவாளா?"