டமாரத்துக்கு வயது இருபத்தேழு

காஞ்சிபுரத்தில் ரகசியம் பேசத் தெரியாத ஒரே மனிதர் டமாரம் அண்ணன்தான். நான்கு தறி ஓடும் வீட்டில் பிறந்து, அந்தச் சத்தத்துக்கு மேலே கத்தியே பேச்சுப் பழகியவர். கோயிலில் சாமியிடம் அவர் வேண்டிக்கொண்டால், பிரகாரம் முழுக்க அவர் வீட்டுக் கஷ்டம் தெரிந்துவிடும்.

தொண்ணூறுகளின் கடைசியில் அவர் வீட்டில்தான் நான் தறி போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு வயது இருபத்தேழு, கல்யாணமாகி ஆறு மாதம். மனைவியை நெருங்கினாலே உடம்பு ஒத்துழைக்க மறுத்தது. எனக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று முடிவுகட்டி, அவள் வாலாஜாபாத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மூன்று முறை டாக்டரிடம் போனேன். விஷயத்தைச் சொல்ல வாய் வராமல் முட்டி வலி, இருமல் என்று உளறி, கடைசியில் பூச்சி மாத்திரையோடு திரும்பினேன்.

ஒருநாள் நான் நெய்த சேலைக் கரையில் யாளிக்கு இரண்டு தலை வந்தது. டமாரம் தறியை நிறுத்திவிட்டு என்னடா என்று கேட்டார். சொல்லித் தொலைத்தேன். போயும் போயும் இவரிடமா சொன்னோம் என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

மறுநாளே டாக்டரிடம் இழுத்துப் போனார். அறைக்குக் கதவு கிடையாது, துணித் திரைதான். வெளியே பெஞ்சில் பாதித் தெரு.

“டாக்டர், பொண்டாட்டிகிட்ட போனா எழும்ப மாட்டேங்குது. ஆறு மாசமா,” என்று முழங்கினார். எனக்கு உயிரே போய்விட்டது. “எனக்குத்தான்,” என்று சேர்த்துக்கொண்டார்.

வெளியே இருமல்கூட நின்றது. டமாரம் நான்கு பிள்ளை பெற்றவர். கடைக்குட்டி அப்போதுதான் தவழ்ந்துகொண்டிருந்தது. டாக்டர் வயது கேட்டார். நரைத்த மீசையைத் தடவியபடி இருபத்தேழு என்றார். டாக்டர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

அதன்பின் டாக்டர் கேட்பார், நான் தலையாட்டுவேன், டமாரம் அறிவிப்பார். காலையில் எழும்போது சரியாக இருக்கிறதாம், குடி கிடையாதாம்.

டாக்டர் என்னைப் பார்த்தே பதில் சொன்னார். “நெறைய பேருக்கு வர்றதுதான்பா. இன்னிக்கும் ஆவாதோன்னு பயந்துக்கினே போனா எப்படி ஆவும்? எதுக்கும் சுகர், பிபி பாத்துடலாம். அடுத்த தபா சம்சாரத்த கூட்டிக்கினு வா, மூணு பேரும் பேசலாம்.”

“நானுமா டாக்டர்?” என்றார் டமாரம்.

“நீங்க வேணாம்.”

அன்றே வாலாஜாபாத்துக்கு பஸ் ஏறி அவளிடம் உள்ளதைச் சொன்னேன். இதைச் சொல்ல ஆறு மாதமா என்று அழுதாள். பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டாள். டாக்டரிடம் இரண்டு முறை சேர்ந்து போனோம். பயம் போனது, மற்றதும் சரியானது.

தெருதான் டமாரத்தை விடவில்லை. டீக்கடையில் அவர் தலை தெரிந்தாலே, மருந்து வேலை செய்கிறதா என்று வருஷக்கணக்கில் கிண்டல். “ஜோரா செய்யுதுபா,” என்று அவரும் அசராமல் முழங்குவார். ஊருக்கே கேட்கும் அந்தத் தொண்டையிலிருந்து என் பெயர் மட்டும் கடைசிவரை வெளியே வரவில்லை.