பல் தெரிய ஓர் இறப்புச் சான்றிதழ்

மக்களை நெருங்கிச் செல்வது என்று அரசாங்கம் முடிவு செய்தது. மக்கள் எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்ததில், வீட்டிலும் இல்லை, தெருவிலும் இல்லை, செல்போனுக்குள் இருக்கிறார்கள் என்று தெரியவந்தது. எனவே ஒவ்வோர் அலுவலகமும் சமூக ஊடகத்தில் ஒரு பக்கம் தொடங்க வேண்டும் என்று உத்தரவு பிறந்தது. ஒழுகும் கூரையைச் சரிசெய்யக் கோரி அப்படி ஓர் அலுவலகம் அனுப்பிய மனு, நிதி இல்லை என்று அதே வாரம் திரும்பி வந்தது. அது வேறு விஷயம்.

பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவு அலுவலகத்துக்கு வந்த சுற்றறிக்கையில் உயிரான வரி இது: "சான்றிதழ் பெறும் பயனாளி மனநிறைவுடன் பல் தெரியச் சிரிக்கும் புகைப்படம் அலுவலகப் பக்கத்தில் ஏற்றப்பட்ட பின்னரே கோப்பு முடிவுற்றதாகக் கருதப்படும்." சிரிப்பை அளக்க ஒரு செயலியும் கூடவே வந்தது. நூற்றுக்கு எழுபது வாங்கினால் தேர்ச்சி.

பதிவாளர் நேர்மையானவர். அதாவது, சந்தேகம் வந்தால் தானாக யோசித்துத் தவறு செய்யாமல் மேலிடத்தைக் கேட்பவர். இறப்புச் சான்றிதழுக்கும் இது பொருந்துமா என்று எழுதிக் கேட்டார். "விதிவிலக்கு எதுவும் குறிப்பிடப்படவில்லை" என்று பதில் வந்தது. பொருந்தாது என்று சொல்லவில்லை; ஆகவே பொருந்தும்.

படம் எடுக்க ஓர் இளநிலை உதவியாளர் நியமிக்கப்பட்டார். வட்ட விளக்கு ஒன்றைக் கையை விட்டு இறக்காமல் திரிந்ததால் அவருக்கு 'வெளிச்சம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

குழந்தையைத் தூக்கி வந்தவர்கள் சிரித்தார்கள். கல்யாணம் ஆனவர்களும், அப்போதைக்கு, சிரித்தார்கள். இறந்தவர்களின் வாரிசுகள் சொத்தை நினைத்துக்கொண்டு எப்படியோ எழுபதைத் தொட்டுவிட்டார்கள். கோப்பு முடிக்கும் அலுவலகங்களின் தரவரிசையில் இந்த அலுவலகம் இரண்டாம் இடத்துக்கு வந்திருந்த வேளையில்தான் தையல்காரம்மா வந்தார்.

அவருடைய கணவர் லாரி ஓட்டியவர். மாரடைப்பில் போய்விட்டார். சொத்து என்று எதுவும் இல்லை. தையல் கடை நடக்கும் அறையின் வாடகை ஒப்பந்தம் மட்டும் அவர் பெயரில் இருந்தது. "மாசக் கடைசிக்குள்ள இறப்புச் சான்றிதழ் கொண்டு வாங்க, உங்க பேருக்கு மாத்தித் தர்றேன். இல்லேன்னா காலி பண்ணிடுங்க" என்று கட்டட உரிமையாளர் சொல்லியிருந்தார். சான்றிதழ் அத்தனை சீக்கிரம் கிடைக்காது என்பது அவருடைய அனுபவம். அந்த அறையை ஒரு காபிக் கடைக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. காபி சுமார்தான், நின்று படம் எடுத்துக்கொள்ள ஒரு சுவர் வைப்பார்களாம்.

தையல்காரம்மாவுக்குத் துணையாக அவருடைய நாத்தனாரும் வந்திருந்தார். வெளிச்சம் விளக்கைப் போட்டார்.

"அக்கா, கொஞ்சம் சிரிங்க."

"எதுக்கு தம்பி?"

"சான்றிதழ் வாங்குறீங்கல்ல, அதுக்கு."

"எங்க வீட்டுக்காரர் செத்துப்போன சான்றிதழ் தம்பி அது."

"தெரியும்க்கா. பல்லு தெரிஞ்சா போதும். மனசார வேணும்னு இல்ல."

தையல்காரம்மா உதட்டை விரித்தார். பதினொன்று. இன்னும் கொஞ்சம் விரித்தார். பத்தொன்பது. அதற்கு மேல் முயன்றபோது, பயனாளிக்குப் பல்வலி இருக்கக்கூடும் என்று செயலி அறிவித்தது.

நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. "அண்ணிக்குப் பதிலா நான் சிரிக்கிறேன். எடுத்துக்கோ."

"நீங்க சிரிச்சா அது உங்க சிரிப்பு. அவங்க கோப்புல ஏறாது."

"அண்ணி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா?"

விஷயம் பதிவாளரிடம் போனது. அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஒருவர் சார்பில் இன்னொருவர் நிலம் விற்கலாம், வழக்குப் போடலாம், சிரிக்க இடமில்லை.

அலுவலக வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர் காலத்தோடு நடப்பவர். 'இங்கு சிரிப்புப் பயிற்சி அளிக்கப்படும்' என்று அட்டை தொங்கவிட்டு, ஒரு கண்ணாடியும் மாட்டியிருந்தார். "இறப்புக்குத் தனி கட்டணம்மா. உழைப்பு அதிகம்" என்றார். தையல்காரம்மா மூன்று வகுப்புகளுக்குப் போனார். முப்பத்து நாலுக்கு மேல் ஏறவில்லை. "கை விட்டுட்டேன்மா, உங்க முகத்துல விஷயமே இல்ல" என்று குருவே சொல்லிவிட்டார்.

ஒரு கோப்பு தேங்கியதில் அலுவலகம் ஒன்பதாம் இடத்துக்குச் சரிந்தது. மாதம் முடியப்போகிறது. இரண்டு பேருக்குத் தூக்கம் போயிற்று: கடை போய்விடும் என்று தையல்காரம்மாவுக்கும், இடம் போய்விட்டது என்று பதிவாளருக்கும்.

பதிவாளர் அவரைத் தன் அறைக்கே வரவழைத்தார். உட்காரச் சொன்னார். அந்த அலுவலகத்தில் பயனாளி ஒருவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"ஏம்மா, எங்களை ஏன் இப்படிச் சோதிக்கிறீங்க? சட்டம் என்ன சொல்லுதுன்னு கேளுங்க" என்று எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, சுற்றறிக்கையைப் படிக்கத் தொடங்கினார். "மேற்படி பயனாளி, மேற்படி சான்றிதழை, மேற்படி அலுவலரிடமிருந்து பெற்றுக்கொள்ளும் தருணத்தில், மேற்படி மகிழ்ச்சியை..."

தையல்காரம்மாவின் தோள் குலுங்கியது. அவருடைய கணவர் வீட்டில் பேசியதே இந்தக் குரலில்தான். வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்ததும் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, "இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், மேற்படி வீட்டில் மேற்படி உப்பு தீர்ந்துவிட்டது" என்று வாசிப்பார். இருந்திருந்தால் இன்று ராத்திரி பதிவாளரை அப்படியே நடித்துக் காட்டியிருப்பார். அந்த நினைப்பு வந்ததும் தையல்காரம்மாவால் அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"தொண்ணூத்தாறு!" என்று வெளிச்சம் கத்தினார்.

தண்ணீர் படத்தில் விழவில்லை. விளக்கு அவ்வளவு நல்ல விளக்கு.

சான்றிதழ் கைக்கு வந்தது. படம் பக்கத்தில் ஏறியது. கீழே எழுதியிருந்தது: "கணவரின் இறப்புச் சான்றிதழை மகிழ்ச்சியுடன் பெற்றுக்கொண்டார். உங்கள் மகிழ்ச்சியே எங்கள் சேவை."

பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்க அந்தப் படத்தைப் பார்த்துவிட்டது. "புருஷன் போனதுல இவ்வளவு சந்தோஷமா?" என்றார் ஒருவர். "மாரடைப்பாம். நம்பிட்டோம்" என்றார் இன்னொருவர். "தூக்குல போடணும்" என்று எழுதிய அம்மையார் அடுத்த நிமிடமே தன் பேத்தியின் பிறந்தநாள் படத்தை ஏற்றினார். தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவர் 'இழப்பிலும் சிரி' என்று பயிற்சி வகுப்பு அறிவித்து, அதே படத்தை விளம்பரத்தில் போட்டுக்கொண்டார். பத்திரிகைகளும் சும்மா இருக்கவில்லை. முகத்தை மங்கலாக்கி, தெருப் பெயரைத் தெளிவாகப் போட்டுத் தங்கள் கடமையைச் செய்தன.

தைக்கக் கொடுத்த துணிகளை நாலைந்து பேர் வந்து திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். பொதுமக்கள் மனம் புண்பட்டிருப்பதை அறிந்து, படத்தை உடனே நீக்குமாறு மேலிடம் ஆணையிட்டது. வெளிச்சம் நீக்கினார். படம் இல்லையென்றால் கோப்பு முடிவுறவில்லை. கோப்பு முடிவுறவில்லை என்றால் சான்றிதழ் செல்லாது. பதிவாளர் நேர்மையானவர் என்று முன்பே சொல்லியாயிற்று.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் இறக்கல" என்றார் அவர். "இப்போதைக்கு."

"இப்போதைக்கா?"

"மறு உத்தரவு வரும் வரை."

"ஐயா, நாங்க அடக்கமே பண்ணிட்டோமே."

"அது உங்க குடும்ப விஷயம். அலுவலகம் அதுல தலையிடாது."

"அப்ப எங்க அண்ணனைக் கொண்டாந்து விடுங்க" என்று நாத்தனார் மேஜையைத் தட்டினார். ரத்து ஆணையின் நகல் ஒன்று கொடுத்து அனுப்பி வைத்தார்கள்.

மறுநாள் காலை கட்டட உரிமையாளர் கடைக்கு வந்தார். முகத்தில் எண்பது எண்பத்தைந்து மதிப்பெண் இருக்கும்.

"சான்றிதழ் ரத்தாமே? ரொம்ப வருத்தம். எப்ப காலி பண்றீங்க?"

தையல்காரம்மா மெஷினை நிறுத்தவில்லை. "எதுக்குக் காலி பண்ணணும்? ஒப்பந்தம் எங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்கு. அவர்தான் உயிரோட இருக்காரே. இந்தாங்க, ஆபீஸ் ஆர்டர்."

உரிமையாளர் இரண்டு தடவை படித்தார். "என்னம்மா விளையாட்டு? எங்க இருக்கார் அவர்?"

"அதை அதுல எழுதல. நீங்க வேணா அவர்கிட்டயே நேரடியாப் பேசிக்கோங்க."

"காலி பண்ற நோட்டீஸை அண்ணன் கையிலயே குடுத்துக் கையெழுத்து வாங்கிட்டு வாங்க" என்றார் நாத்தனார், பித்தானுக்குத் துளை போட்டுக்கொண்டே.

வாடகைதாரர் செத்துவிட்டார் என்று நிரூபிக்கும் பொறுப்பு இப்போது உரிமையாளர் தலையில் விழுந்தது. பதிவு அலுவலகத்துக்கு ஓடினார். சம்பந்தப்பட்ட எவரும் விண்ணப்பிக்கலாம் என்று விதியில் இடம் இருந்தது. ஆனால் அதற்குள் மேலிடம் தன் தவற்றை உணர்ந்து திருத்திக்கொண்டிருந்தது. இனி இறப்புக் கோப்புகளுக்குச் சிரிப்பு கூடாது. கண்ணீர் தெளிவாகத் தெரியும் படம் வேண்டும்.

"நான் எதுக்குய்யா அழணும்? அந்த ஆளு எனக்கு என்ன மாமனா மச்சானா?"

"உறவுமுறை கேட்கப்படல சார். கண்ணீர்தான் கேட்கப்பட்டிருக்கு" என்றார் வெளிச்சம்.

உரிமையாளர் விளக்கின் முன்னால் நின்று, கைநழுவிக்கொண்டிருக்கும் காபிக் கடையை நினைத்தார். பொலபொலவென்று கொட்டியது. தொண்ணூற்றெட்டு. அலுவலகத்தின் சாதனை அளவு அது.

"வாடகைக்கு இருந்தவரின் மறைவைத் தாங்க முடியாமல் கதறும் கட்டட உரிமையாளர்" என்று படம் ஏறியது. ஊர் உருகிவிட்டது. "மனுஷன்னா இவர் மனுஷன்" என்றார்கள். "அந்தக் கடையை அந்த அம்மாவுக்கே குடுத்துடுவார் பாருங்க" என்றார் ஒருவர். "குடுக்கலேன்னா என் பேரை மாத்திக்கிறேன்" என்று எழுதியது, தூக்கில் போடச் சொன்ன அதே அம்மையார்.

உரிமையாளர் முதல் நாள் பயந்தார். இரண்டாம் நாள் எத்தனை பேர் பாராட்டியிருக்கிறார்கள் என்று எண்ணினார். மூன்றாம் நாள் காபிக் கடைக்காரருக்குப் போன் செய்து, "எனக்குப் பணம் பெரிசில்லப்பா" என்றார். இப்படி ஒரு வாக்கியம் தன் வாயிலிருந்து வந்ததை அவராலேயே நம்ப முடியவில்லை.

கடையிலேயே நேரலை ஏற்பாடாயிற்று. ஒப்பந்தத்தில் பழைய பெயரை அடித்துவிட்டு, தையல்காரம்மாவின் பெயரை எழுதி, உரிமையாளர் கையெழுத்துப் போடுவார். அம்மா நன்றிப் பெருக்கில் அழ வேண்டும். அழுதால்தான் கையெழுத்து என்று உரிமையாளர் காதோடு சொன்னார். வெளிச்சம் விடுப்பு எடுத்துக்கொண்டு விளக்கோடு வந்திருந்தார். பதிவாளரும் வந்து ஓரமாக, படத்தில் விழும்படியான ஓரமாக, நின்றார்.

தையல்காரம்மாவுக்கு அழுகை வரவில்லை. அத்தனை பேரையும் பார்க்கச் சிரிப்புதான் வந்தது. நாத்தனார் பின்னாலிருந்து இடுப்பில் கிள்ளினார். "அண்ணி, கடை."

உரிமையாளர் பேனாவை நீட்டினார். "பழைய பேரை நீங்களே அடிச்சிடுங்கம்மா."

தையல்காரம்மா பேனாவை வாங்கினார். தாளில் கணவரின் பெயர் இருந்தது. அதன் மேல் கோடு போட வேண்டும். ஒரு முனையில் பேனாவை வைத்து மறுமுனையை நோக்கி இழுத்தார். பாதிப் பெயருக்கு மேல் கை நகரவில்லை. தலையைத் தாளின் மேலேயே வைத்துக்கொண்டு, வாய்விட்டு, யாரையும் பார்க்காமல் அழுதார். நாத்தனாரும் அவர் முதுகின் மேல் சாய்ந்துகொண்டு அழுதார். பதிவாளர்கூடக் கண்ணாடியைக் கழற்றினார்.

வெளிச்சம்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. நெட் கட்டாயிடுச்சு. யாருக்கும் போகல. மறுபடி முதல்லேருந்து அழணும்."

தையல்காரம்மா நிமிர்ந்தார். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். மூக்கை உறிஞ்சினார். சுற்றி ஒரு பார்வை பார்த்தார்.

"அழறேன் தம்பி. இந்தத் தடவை மெஷினும் சேர்ந்து படத்துல விழுற மாதிரி வை. நாலு பேர் தைக்கக் குடுக்கணும்ல."