சிந்திக்கும்போது எடுத்த படம்

கல்வியாண்டு நிறைவடையும் இந்நன்னாளில் ஆசிரியப் பெருமக்கள் அனைவரும் தத்தம் பணியைத் திரும்பிப் பார்த்துச் சிந்திக்க வேண்டும் என்றும், சிந்திக்கும்போது எடுத்த படத்தைச் செயலியில் ஏற்ற வேண்டும் என்றும் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. சிந்திப்பதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. படம் ஏறாதவர் சிந்திக்காதவராகக் கருதப்படுவார் என்ற கடைசி வரியைப் படித்ததும்தான் எல்லோரும் செல்போனைத் தேடினோம்.

வையம்பட்டிப் பக்கம் எங்கள் பள்ளி. நான் ஐந்தாம் வகுப்பு வாத்தியார். பானுமதி டீச்சருக்கு நான்காம் வகுப்பு. அவர் வகுப்பில் ஆறு பிள்ளைகளுக்கு இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்க வராது. உத்தரவு வந்த அன்று காலையில்தான் அதில் ஒரு பிள்ளையின் அம்மா மாரியாயி, கடலைக்காட்டு வேலைக்குப் போகிற வழியில் வந்து நின்றார்.

"டீச்சர், லீவு விடுறதுக்குள்ள எம்பொண்ணு பஸ்ஸு போர்டாவது படிச்சிருமா?"

"படிக்க வச்சிடுறேங்க. கடைசி வாரம் முழுக்க அந்த ஆறு பேருக்குத்தான்."

பாவம், மதியம் உத்தரவு வரப்போவது டீச்சருக்குத் தெரியாது.

பானுமதி டீச்சர் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தார். நான் படம் எடுத்தேன். 'உறங்குகிறார்' என்று செயலி திருப்பி அனுப்பியது. கண்ணை அகல விழித்தார். 'அதிர்ச்சியில் உள்ளார்' என்றது. விட்டத்தைப் பார்த்தார். 'பின்னணியில் மாணவர்கள் உள்ளனர். சிந்தனைக்கு இடையூறு' என்றது. தலைமையாசிரியை பாக்கியமேரி உடனே அந்த இடையூறுகளை வேப்பமரத்தடிக்கு அனுப்பிவைத்தார். அதற்குப் பிறகு நெட்வொர்க் வருவதும் போவதுமாக இருந்ததால், பிள்ளைகள் வாரம் முழுக்க மரத்தடியிலேயே இருந்தார்கள். என் படம் முதல் தடவையே ஏறிவிட்டது. அப்போது நான் மதியச் சாப்பாட்டைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

பள்ளியின் கடைசி வேலைநாளில், சிந்திக்கத் தவறிய ஆசிரியர்களுக்கான சிறப்புப் பயிற்சிக்குப் பானுமதி டீச்சரை ஸ்ரீரங்கத்துக்கு அழைத்தார்கள். படம் எடுக்க ஆள் வேண்டுமென்று என்னையும் அனுப்பினார்கள். ஆகவே ஐந்தாம் வகுப்பும் மரத்தடிக்குப் போனது.

பயிற்சி ஒருங்கிணைப்பாளர் சடகோபன் தங்கமான மனிதர். மோர் கொடுத்து உபசரித்துவிட்டுத்தான் கேட்டார்.

"இந்த வருஷம் உங்க பணியிலே என்ன குறைன்னு நினைக்கறேள்?"

"ஆறு பிள்ளைங்களுக்குப் படிக்க வரலைங்க சார்."

சடகோபன் பதறினார். "ஐயையோ, அப்படிப் பதிவு பண்ணிடாதீங்கோ. குறையை ஒத்துண்டா விளக்கம் கேட்டு மெமோ வரும்."

"அப்ப குறையே இல்லைன்னு போட்டுடட்டுங்களா?"

"சிந்திக்கவே இல்லைன்னு மெமோ வரும். குறை இருக்கணும். உங்களோடதா இருக்கப்படாது."

"வேற யாரோடதுங்க?"

"பொதுவா இருக்கணும். 'காலம் போதவில்லை'ன்னு போடுங்கோ. காலத்துக்கு மெமோ அனுப்ப முடியாதோன்னோ?"

"காலம் இருந்துச்சுங்க சார்!" என்றார் பானுமதி டீச்சர். "ஒரு வாரம் முழுசா இருந்துச்சு. அதை நீங்கதான் எடுத்துக்கிட்டீங்க. அந்தப் பொண்ணோட அம்மா மூஞ்சியில நான் எப்படிங்க முழிப்பேன்?"

இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. இருந்தாலும் வந்த வேலை ஞாபகம் வந்து, ஒரு படம் எடுத்தேன்.

ஏறிவிட்டது. 'மிக ஆழ்ந்த சிந்தனை. நூற்றுக்கு நூறு.' மாவட்டத்திலேயே முதலிடம். சடகோபன் எழுந்து நின்று கைகூப்பினார்.

ஜூனில் பள்ளி திறந்ததும் அடுத்த உத்தரவு வந்தது. பானுமதி டீச்சர் இனி மன்னார்புரத்தில் இருந்துகொண்டு, சிந்திப்பது எப்படி என்று மாவட்ட ஆசிரியர்களுக்கு ஆண்டு முழுவதும் பயிற்சி அளிப்பார். வகுப்பெடுக்கும் சுமையிலிருந்து அவர் இதனால் விடுவிக்கப்படுகிறார்.

"எனக்கு வேணாங்க. அந்த ஆறு பேரையும் படிக்க வச்சிட்டுப் போறேனே" என்றார் அவர்.

"மறுத்தா மெமோம்மா" என்று பாக்கியமேரி சால்வையைப் போர்த்தினார். நாங்கள் எல்லோரும் பலமாகக் கைதட்டினோம். சத்தம் கேட்டு மாரியாயி உள்ளே வந்தார்.

"டீச்சரு எங்க போறாங்க?"

"அவங்களுக்குப் பெரிய கௌரவம் கிடைச்சிருக்கு. கேசரி சாப்பிடுங்க" என்றார் பாக்கியமேரி.

"சரிங்க. எம்பொண்ணுக்கு இனிமே யாரு சொல்லித் தருவா?"

பாக்கியமேரி என்னைப் பார்த்தார். ஆறு பிள்ளைகளும் தேர்ச்சி பெற்று என் வகுப்புக்கு வந்திருந்தார்கள்.

அன்று மாலையே நானும் மன்னார்புரத்துக்கு விண்ணப்பித்துவிட்டேன். பானுமதி டீச்சரிடம் படிக்க வராதவர்கள் ஆறே பேர். அவர் போனதால் என் தலையில் விழுந்த புது நான்காம் வகுப்பில் பதினோரு பேர்; அவர்களையும் சேர்த்து என்னிடம் இப்போது பதினேழு பேர் இருக்கிறார்கள். நியாயமாகப் பார்த்தால் என்னை மாநில அளவிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும்.