மெஷினுக்குச் சொன்ன பதில்

போனில் வழி சொல்லும் பெண் குரலுக்கும் "சரிங்க" என்று பதில் சொல்கிறவள் நான். (எங்கள் கொங்குப் பக்கத்தில், ஒருவர் ஒன்று சொல்லி நாம் பேசாமல் இருந்தால் அது திமிர்.) சென்ற வருடம் இந்த மரியாதையே வினையாகிவிட்டது.

வயிற்று வலிக்காக எடுத்த அல்ட்ராசவுண்டில் என் ஈரலில் ஒரு புள்ளி தெரிந்தது. கேன்சரா, சும்மாவா என்று அதில் தெரியாதாம். ஊசியில் மருந்து ஏற்றி சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டுமாம். மருந்து அந்தப் புள்ளிக்குள் வேகமாகப் புகுந்து வேகமாக வெளியேறினால் சந்தேகம்; ஓரத்திலிருந்து மெதுவாக நிரம்பினால் பயமில்லை. என் மகளுக்கு அப்போது மூன்று வயது. அதற்கு மேல் நான் டாக்டரிடம் எதுவும் கேட்கவில்லை.

பீளமேட்டில் ஒரு ஸ்கேன் சென்டர். மருந்து ஏறியதும் உடம்பெல்லாம் சுட்டது. மெஷினிலிருந்து ஒரு குரல், "மூச்சை இழுத்து நிறுத்துங்கள்" என்றது.

"சரிங்க" என்றேன்.

ஸ்கேன் எடுக்கும் பெண் ஓடி வந்தாள். "அக்கா, அது ரெக்கார்டுங்க! அதுக்குப் போயி பதில் சொல்லிப்போட்டீங்களே! முக்கியமான படமே கலங்கிப்போச்சுங்க."

அந்த மருந்தை உடனே திரும்ப ஏற்றக் கூடாதாம்; மறுபடி எடுக்க இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார்கள். அந்த இடைவெளியில் என் கணவருக்கு மகளின் தலை பின்னவும் ரசம் வைக்கவும் சொல்லிக்கொடுத்தேன். (அவர் புளி கரைத்த அழகைப் பார்த்ததும், சாகவே கூடாது என்று முடிவு செய்தேன்.) ராத்திரி கட்டிலில் ஒத்திகை. அவர் குரலை மாற்றிக்கொண்டு, "மூச்சை இழுத்து நிறுத்துங்கள்" என்றார்.

"சரி..." என்று தொடங்கி வாயைப் பொத்திக்கொண்டேன்.

"ஏங்கண்ணு, நாஞ்சொன்னா ஒருநாளும் இப்படி ஒடனே சரின்னதில்லையே நீ?"

இரண்டாவது முறை உதட்டைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். படம் தெளிவாக வந்தது.

மறுநாள் டாக்டர் அதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்தார். "ஓரத்துல இருந்து மெதுவா நெறையுது பாருங்க. வெறும் ரத்தக்குழாய் முடிச்சு. கேன்சர் இல்லீங்க."

நான் அசையவில்லை. வாய் திறக்கவில்லை. மூச்சுகூட விட்டதாக நினைவில்லை. டாக்டர் படத்தை இறக்கிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். (என் கதை ஸ்கேன் சென்டரிலிருந்து அவருக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.)

"அம்மணி, இப்பப் பதில் சொல்லலாமுங்க."

அழுகைதான் வந்தது.

இப்போது நான் கோபத்தில் பேசாமல் உட்கார்ந்தால், கணவர் மகளை அனுப்புகிறார். அவள் என் முகவாயைப் பிடித்துத் தூக்கி, டாக்டர் மாதிரியே சொல்கிறாள்: "அம்மணி, இப்பப் பதில் சொல்லலாமுங்க."