நேரம் தவறிய மாத்திரை

ஒரகடத்துக் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து கழித்துத் தள்ளியதைவிட, எங்கள் ரிஜெக்ட் அண்ணன் ஒருவர் கழித்துத் தள்ளியது அதிகம். பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் அவருக்குக் குவாலிட்டி செக்கிங் வேலை. மயிரிழை பிசகினாலும் பாகம் சிவப்புத் தொட்டிக்குப் போய்விடும். அதோடு விட்டாரா? ரூமிலும் அதே வேலைதான். இட்லி கொஞ்சம் கோணலாக இருந்தால், "இது ஆவாதுலே, தூக்கிப் போடு" என்பார்.

வல்லம் வடகாலில் ஒரே அறையில் ஐந்து பேர் இருந்தோம். ஒருநாள் கம்பெனி பஸ் தாமதமாக வந்தது. எல்லோரும் ஏறினோம், அண்ணன் மட்டும் அசையவில்லை.

"இன்னாண்ணே, ஏறு!" என்று கத்தினான் திருத்தணிக்கார மாரி.

"நேரம் தப்புன வண்டில நான் ஏறமாட்டேம்லே. நீங்க போங்க."

வேகாத வெயிலில் கம்பெனிக்கு நடந்தே வந்து சேர்ந்தார். சூப்பர்வைசர் திட்டத் திட்ட, ஏதோ கப்பு வாங்கியவர் மாதிரி நின்றார்.

ரூமில் இருந்தால் இரவு ஒன்பது மணிக்குச் சரியாக ஒரு மாத்திரை போடுவார். கேட்டால் விட்டமின் என்பார். மாரி ஒருமுறை, "எனக்கும் ஒண்ணு குடுண்ணே, ஒடம்பு தேறட்டும்" என்று கை நீட்டினான். "ஒனக்கு இருக்க ஒடம்புக்கு இது வேற கேக்குதாக்கும்!" என்று டப்பாவைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

இருமலும் காய்ச்சலுமாக அவர் படுத்தபோது, நானும் மாரியும்தான் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் எங்களை வெளியே போகச் சொன்னார். "இருக்கட்டும் சார், இனிமே என்னத்த மறைக்க" என்றார் அண்ணன். அந்த ஒன்பது மணி மாத்திரை எச்.ஐ.வி.க்கானது என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

"ஒழுங்கா போட்டீங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

"போட்டேன் சார். செகண்ட் ஷிப்ட் வாரத்துல மட்டும் ரூமுக்கு வர ஒம்பது தாண்டிரும். கம்பெனிக்குக் கொண்டுபோனா செக்யூரிட்டி என்ன மாத்திரைன்னு கேப்பான். நேரம் தப்பிட்டா அன்னிக்கு மாத்திரையே கிடையாது. தப்புன நேரத்துல போட்டா கெடுதல்லா?"

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "லேட்டானா என்னய்யா? ரூமுக்கு வந்ததும் போட்டிருக்கலாமே! ஷிப்ட் வேலைன்னு சொல்லியிருந்தா, உங்களுக்குத் தோதான நேரமா சேர்ந்தே பாத்து மாத்தியிருக்கலாமே!"

ஊரையே கறாராகப் படுத்தியவர், இந்த ஒரு விஷயத்திலாவது கொஞ்சம் முன்னே பின்னே இருந்திருக்கக் கூடாதா?

விட்டு விட்டுப் போட்டதில் பழைய மருந்து இனிக் கேட்காது என்று, வார்டில் சேர்த்து வேறு மருந்துக்கு மாற்றினார்கள். மறுநாள் டாக்டர் பார்த்துவிட்டு நகர்ந்ததும் அண்ணன் மெதுவாகக் கேட்டார்.

"என் பாயைத் தூக்கி வெளிய போட்டுருவியளாலே?"

"உன் பாயா?" என்றான் மாரி. "நேத்துலேர்ந்து அதுல நான்தான் படுத்துக்கினு கீறேன். சொகமா கீது. வந்து சண்டை போட்டு வாங்கிக்கோ."

அண்ணன் சிரித்தார். சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. "இது தெரியாம எத்தன வருசம் பயந்து செத்தேன்!"

புது மருந்து பிடிப்பதற்குள் நெஞ்சுச்சளி அவரைக் கொண்டுபோய்விட்டது.

இப்போது எங்கள் அறையில் குறை சொல்ல ஆளே இல்லை. நிம்மதியாக இருக்கவேண்டியதுதானே? பாழாய்ப்போன மனசு கேட்கமாட்டேன் என்கிறது. அந்த மனுஷன் திரும்பி வந்து எங்களை இன்னும் கொஞ்சம் படுத்தி எடுத்தால் தேவலை.